நச்சுநிரல் காப்பு: தருமபுரி மாவட்ட வீட்டுக் கணினிகள்

வீட்டில் வைத்துப் புழங்கும் கணினியை நச்சுநிரல், புழு, உளவுநிரல் ஆகியவற்றிலிருந்து காக்கும் முறைகளுக்கும் பழக்கங்களுக்கும் பொதுப்பெயர் நச்சுநிரல் காப்பு. தருமபுரி மாவட்டத்தில் இதன் கதை இணையத்தோடு தொடங்கவில்லை, பென்டிரைவோடு தொடங்கியது. பெருநகரங்களில் மின்னஞ்சல் வழியே பரவிய தொற்று, இங்கே பள்ளிக்கூடம், டி.டி.பி. கடை, போட்டோ ஸ்டுடியோ, பிரவுசிங் சென்டர் என்று கைமாறிய சிறு குச்சியில் ஏறி வீட்டுக்குள் வந்தது.

சேலம் மாவட்டத்திலிருந்து 1965 அக்டோபர் 2-ஆம் நாள் பிரிந்த தருமபுரி, 2004-இல் கிருஷ்ணகிரியைத் தனி மாவட்டமாகக் கொடுத்தது. 2011 கணக்கெடுப்பில் இதன் மக்கள்தொகை 15,06,843. எழுத்தறிவு 68.54 விழுக்காடு, தமிழகத்திலேயே மிகக் குறைவு. ஐந்தில் நான்கு பேருக்கு மேல் கிராமத்தில் வாழ்கிறார்கள். பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்துப் பல ஊர்களில் வீட்டுக்குள் வந்த முதல் கணினி, அரசு தந்த விலையில்லா மடிக்கணினிதான். கணினி வந்த வேகத்தில் அதைக் காக்கும் அறிவு வரவில்லை.

பெயர்

'வைரஸ்' என்பதற்கு நச்சுநிரல் என்ற சொல் கலைச்சொல் அகராதிகளிலும் தமிழ் விக்கிப்பீடியாவிலும் நிலைத்துவிட்டது. அதை அழிக்கும் மென்பொருள் நச்சுநிரற்கொல்லி. ஸ்பைவேர் உளவுநிரல் அல்லது வேவுபொருள். கேடு செய்யும் நிரல்கள் எல்லாவற்றையும் சேர்த்துத் தீநிரல், தீம்பொருள் என்பார்கள். கடைத்தெருவில் இவை எதுவும் புழக்கத்தில் இல்லை. அங்கே 'வைரஸ் ஏறிடுச்சு' என்பதுதான் பேச்சு. விஷம் ஏறும், பித்தம் ஏறும் என்று சொல்லிப் பழகிய நாக்கு, வைரஸையும் ஏற்றிவிட்டது. வினைச்சொல்லைத் தெருவும் பெயர்ச்சொல்லை அறிஞரும் தனித்தனியே தேர்ந்தார்கள். இருவர் கையும் நஞ்சின் மீதே பட்டிருக்கிறது. ஆகவே நச்சுநிரல் என்பது செயற்கையான ஆக்கம் என்னும் குறை பொருந்தாது.

தோற்றம்

தன்னைத் தானே படியெடுத்துக்கொள்ளும் நிரல் 1971-லேயே எழுதப்பட்டது. அமெரிக்காவின் பி.பி.என். நிறுவனத்தில் பாப் தாமஸ் எழுதிய 'கிரீப்பர்' அர்ப்பாநெட் கணினிகளுக்கிடையே நகர்ந்து சென்றது. அதைத் தேடி அழிக்க ரே டாம்லின்சன் எழுதிய 'ரீப்பர்' முதல் நச்சுநிரற்கொல்லி எனலாம். 1982-இல் ரிச் ஸ்க்ரென்டா என்னும் பள்ளி மாணவர் ஆப்பிள் கணினிக்கு 'எல்க் குளோனர்' எழுதினார். வைரஸ் என்ற பெயரைக் கணினி ஆய்வில் நிலைநாட்டியவர் ஃபிரெட் கோஹன். 1983-இல் அவர் செய்துகாட்டிய சோதனையிலிருந்தே இத்துறையின் இலக்கணம் தொடங்குகிறது.

நம் வீடுகளில் உள்ள வகைக் கணினியைத் தாக்கிய முதல் நச்சுநிரல் அண்டை நாட்டில் பிறந்தது. 1986-இல் லாகூரில் கணினிக் கடை நடத்திய பாசித் ஃபரூக் ஆல்வி, அம்ஜத் ஃபரூக் ஆல்வி என்னும் சகோதரர்கள் 'பிரெய்ன்' நிரலை எழுதினார்கள். தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளைத் திருட்டுப் படியெடுப்பவர்களுக்கு எச்சரிக்கையாகவே அதை எழுதியதாகச் சொன்னார்கள். தங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் நிரலுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். ஃபிளாப்பியின் தொடக்கப் பகுதியில் குடியேறி, ஃபிளாப்பி மாறமாற அது உலகம் சுற்றியது. காசு கொடுக்காமல் எடுத்த மென்பொருளோடு தொற்றும் வரும் என்ற உண்மை, இத்துறையின் முதல் பக்கத்திலேயே எழுதப்பட்டுவிட்டது.

இந்தியாவில் 1990-இல் கண்டறியப்பட்ட 'ஜோஷி' இன்னொரு முன்னோடி. ஆண்டு முழுக்க ஒளிந்திருந்து, ஜனவரி 5-ஆம் நாள் மட்டும் திரையைப் பிடித்துக்கொள்ளும். 'ஹாப்பி பர்த்டே ஜோஷி' என்று தட்டச்சு செய்தால்தான் விடும். தீங்கு சிறிதானாலும், அதுவும் ஃபிளாப்பியின் தொடக்கப் பகுதி வழியே பரவி வன்தட்டுக்குள் குடிபுகும் இனம். 1992-இல் மார்ச் 6 என்ற நாளைக் காட்டி அச்சுறுத்திய 'மைக்கேலாஞ்சலோ', 1999 ஏப்ரல் 26-இல் வன்தட்டையும் பயாஸையும் ஒருசேர அழித்த தைவான் நாட்டு 'சி.ஐ.எச்.', 2000 மே மாதம் காதல் கடிதம்போல் அஞ்சலில் வந்த பிலிப்பைன்ஸின் 'ஐ லவ் யூ' ஆகியவை அடுத்தடுத்து வந்தன.

இந்த அச்சத்திலிருந்தே இந்தியாவில் ஒரு தொழில் பிறந்தது. புணேயில் கால்குலேட்டர் பழுது பார்க்கும் கடையில் தொடங்கி, கைலாஷ் கட்கரும் தம்பி சஞ்சய் கட்கரும் வளர்த்தது குவிக் ஹீல். சென்னையில் ஜெ. கேசவர்தனன் 1991-இல் தொடங்கிய கே7 கம்ப்யூட்டிங், ஜப்பான் வீடுகளில் பரவலாக விற்ற நச்சுநிரற்கொல்லிக்கு உள்ளிருந்த பொறியைச் செய்து கொடுத்தது. தமிழ்நாட்டில் எழுதிய காப்பு நிரல் தோக்கியோவில் புகழ்பெற்றிருந்த ஆண்டுகளில், தமிழ்நாட்டு வீடுகளில் திருட்டுச் சாவியோடு வந்த வெளிநாட்டு ஆன்டிவைரஸ் ஓடிக்கொண்டிருந்தது வருத்தத்துக்குரியது.

வகைகள்

நச்சுநிரல் தனியாக நடமாடாது. ஒரு கோப்பின் மீதோ வட்டின் தொடக்கப் பகுதியிலோ ஒட்டிக்கொண்டு, அந்தக் கோப்பை யாராவது திறக்கும்போதோ அந்த வட்டிலிருந்து கணினி எழும்பும்போதோ விழிக்கும். புழுவுக்கு ஒட்டிக்கொள்ள இடம் வேண்டாம். வலைப்பின்னலில் ஓட்டை இருந்தால் தானே நுழைந்து தானே பெருகும். 1988 நவம்பரில் ராபர்ட் மாரிஸ் விட்ட புழு இதற்கு முதற்சான்று. டிரோஜன் பெருகுவதே இல்லை. விளையாட்டு, பாட்டு இறக்கி, ஆக்டிவேட்டர் என்று நல்ல முகம் காட்டி, நாமே கதவைத் திறந்துவிடும்படி செய்யும்.

உளவுநிரல் இவற்றிலிருந்து வேறுபட்டது. அது கணினியைக் கெடுக்க வருவதில்லை, கணினி நன்றாக ஓட வேண்டும் என்பதே அதன் விருப்பம். எந்தத் தளத்துக்குப் போகிறோம், எதைத் தட்டுகிறோம் என்று பார்த்து வெளியே அனுப்பும். விசைப்பலகையில் விழும் ஒவ்வொரு எழுத்தையும் பதிவு செய்யும் கீலாகர் இதன் கொடிய பிள்ளை. ஸ்பைவேர் என்ற சொல் இன்றைய பொருளில் 2000-ஆம் ஆண்டையொட்டிப் பரவியது. ஆட்-அவேர், ஸ்பைபாட் போன்ற துப்புரவுக் கருவிகளும் அதே காலத்தில் வந்தன. உலாவியின் மேல்விளிம்பில் யாரும் கேட்காமலே ஒட்டிக்கொண்ட கருவிப்பட்டைகள், முகப்புப் பக்கத்தை மாற்றியவை, விளம்பரம் கொட்டியவை எல்லாம் இந்த இனத்தின் இளைய உறுப்பினர்கள். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் பிணைநிரல் இவற்றுள் கடைசியாகப் பரவலானது. 2017 மே 12-இல் பரவிய 'வான்னாகிரை' அதை எல்லாருக்கும் தெரியவைத்தது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது.

பென்டிரைவ் காலம்

ஏறத்தாழ 2006 முதல் 2014 வரையிலான காலத்தை மாவட்டத்தின் பென்டிரைவ் காலம் எனலாம். வீட்டு இணைப்பு அரிது. கல்லூரி அசைன்மென்ட், கல்யாணப் பத்திரிகை, பாஸ்போர்ட் அளவுப் படம், வினாத்தாள், பாட்டு, படம் எல்லாமே குச்சியில் பயணம் செய்தன. தமிழ் எழுத்துருக்களும் அப்படித்தான். ஒருங்குறி (யூனிகோடு) பரவலாவதற்கு முந்தைய அந்நாளில் எழுத்துரு இல்லாமல் கோப்பைக் கொடுத்தால் எதிர்க் கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரியும். ஆகவே கோப்போடு எழுத்துருவையும் கொடுக்க வேண்டியிருந்தது. அரசு அலுவல்களில் புழங்கிய 'வானவில் ஔவையார்' எழுத்துருவும் இவ்வாறே கைமாறியது. தகடூர் என்பது தருமபுரியின் பழம்பெயர். தகடூர் அதியமானிடம் நெல்லிக்கனி பெற்ற ஔவையாரின் பெயர் தாங்கிய எழுத்து, அதே தகடூரின் டி.டி.பி. கடைகளுக்குப் புழுவோடு சேர்ந்து வந்து இறங்கியது. 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றபின் இந்தத் தேவை மெல்லக் குறைந்தது. எழுத்துக் குறியீட்டுச் சீர்திருத்தம் தொற்று பரவும் ஒரு வழியையும் அடைத்தது என்பதைத் தமிழ்க் கணிமை வரலாற்றை எழுதுவோர் குறிப்பதில்லை. குறிக்க வேண்டும்.

புழு ஏறும் விதம் எளியது. பென்டிரைவின் உச்சியில் 'ஆட்டோரன்' என்னும் சிறு குறிப்புக் கோப்பு மறைந்திருக்கும். விண்டோஸ் எக்ஸ்.பி. கணினியில் 'மை கம்ப்யூட்டர்' திறந்து அந்த டிரைவை இருமுறை சொடுக்கினாலே, குறிப்பில் சொன்ன நிரல் ஓடிவிடும். குறுந்தகடு தானே ஓட வேண்டும் என்பதற்காகச் செய்த வசதி குச்சிக்கும் பொருந்தியதால் வந்த வினை இது. 'நியூ ஃபோல்டர்' என்ற பெயரில் மஞ்சள் உறை உருவத்தோடு இருந்த நிரல் அக்காலத்தின் மிகப் பரிச்சயமான எதிரி. கோப்பின் வால்பெயரை (எக்ஸ்டென்ஷன்) விண்டோஸ் மறைத்துக் காட்டுவதால், அது உறையா நிரலா என்று கண்ணால் பிரித்தறிய முடியாது. திறந்தவுடன் டாஸ்க் மேனேஜரை முடக்கும், ஃபோல்டர் ஆப்ஷனைக் காணாமல் செய்யும். நோயைக் காட்டும் கருவியை முதலில் உடைப்பதே அதன் திறமை.

2008 நவம்பரில் தோன்றிய 'கான்ஃபிக்கர்' வலைப்பின்னல் வழியாகவும் குச்சி வழியாகவும் பரவியது. 2010-இல் வெளிப்பட்ட 'ஸ்டக்ஸ்நெட்' ஈரான் அணு ஆலைக்காக எழுதப்பட்டது. ஆனால் சைமன்டெக் கணக்கில் தொற்றிய கணினிகளின் எண்ணிக்கையில் ஈரான், இந்தோனேசியாவுக்கு அடுத்த இடம் இந்தியாவுக்கு. அதன்பின் வந்த 'ஷார்ட்கட் வைரஸ்' கோப்புகளை மறைத்துவிட்டு அதே பெயரில் குறுக்குவழிகளை வைத்தது. எல்லாம் அழிந்துவிட்டது என்று கலங்கிப் பென்டிரைவைப் பார்மட் செய்து, உண்மையிலேயே எல்லாவற்றையும் இழந்தவர்கள் பலர். கோப்புகள் உள்ளேயே பத்திரமாக இருந்தன. 'ஆட்ரிப்' கட்டளையால் மறைப்பை நீக்கியிருந்தால் போதும்.

எக்ஸ்.பி., விஸ்டா கணினிகளில் குச்சிக்கான ஆட்டோரன் வசதியை நிறுத்தும் திருத்தத்தை 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் தானியங்கிப் புதுப்பிப்பாக அனுப்பியது. அந்தத் திருத்தம் இணையம் வழியாக வருவது. இணைப்பே இல்லாத வீட்டுக்கும், திருட்டுப் பதிப்பு என்பதால் புதுப்பிப்பை நிறுத்திவைத்த வீட்டுக்கும் அது போய்ச் சேரவில்லை. அதுவரை கைவைத்தியம் உதவியது. பென்டிரைவில் 'ஆட்டோரன்' கோப்பின் பெயரிலேயே ஓர் உறையை உண்டாக்கி வைத்தால், அதே பெயரில் கோப்பெழுத வரும் எளிய புழு தடுமாறும். அரைகுறைக் காப்புதான், ஆனாலும் அந்நாளில் பலரைக் காத்தது.

மடிக்கணினித் திட்டமும் பாஸ் லினக்ஸும்

2011 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கினார். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்கள், கல்லூரி மாணவர்கள் எனப் பல லட்சம் பேருக்கு தமிழக அரசின் எல்காட் நிறுவனம் வழி கணினி சென்றது. தருமபுரி போன்ற மாவட்டத்துக்கு இது வெறும் இலவசப் பொருளாக நிற்கவில்லை. கூலிக்குப் போகும் தாயும் பெங்களூருவில் கட்டட வேலை செய்யும் தந்தையும் உள்ள வீட்டில், ஒரு பெண் தன் பெயரில் ஒரு கணினி வைத்திருக்க முடிந்தது.

தொடக்க ஆண்டுகளின் கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி, 2007-இல் முதற்பதிப்பை வெளியிட்ட இயங்குதளம் அது. தமிழ் முதலான இந்திய மொழிகளில் இயங்கும். இதற்கு முன்பே, 2006-07 காலத்தில் எல்காட்டின் தலைமையில் இருந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி சி. உமாசங்கர் அந்நிறுவனத்தைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியிருந்தார். 2014 ஏப்ரல் 8-இல் எக்ஸ்.பி.க்கான ஆதரவு முடிந்தபோது, அரசுத் துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி தமிழக அரசு அறிவுறுத்தியது.

காப்பு நோக்கில் பார்த்தால் பாஸ் லினக்ஸ் ஓர் அரிய கொடை. விண்டோஸுக்கு எழுதிய புழு அதில் ஓடாது. விண்டோஸ் மறைத்த கோப்புகளும் அதில் வெளிப்படையாகத் தெரியும். பென்டிரைவை முதலில் பாஸில் செருகி, அறியாத நிரல்களை நீக்கிவிட்டுப் பிறகு விண்டோஸில் திறந்த மாணவனைப் பென்டிரைவ் புழு பெரும்பாலும் அண்டவில்லை. ஆனால் கணினியை வாங்கியதும் கடைக்கு எடுத்துச் சென்று, லினக்ஸை அழித்துவிட்டுத் திருட்டு விண்டோஸ் ஏற்றுவதே ஊர்வழக்கமாயிற்று. சொல்லித்தர ஆளில்லாததே காரணம். கணினி தந்தவர்கள் ஒரு வாரப் பயிற்சியும் தந்திருந்தால், மாவட்டத்தின் கணினிப் பழக்கமே வேறாக இருந்திருக்கும். கொரோனாக் காலத்தையொட்டி வழங்கல் நின்றது.

காப்பு முறைகள்

முதற்காப்பு, முறையான இயங்குதளம். 'ஓ.எஸ். போட' ஐந்நூறு ரூபாய் கேட்கும் இடத்தில் அதற்கான சாவியை யாரும் விலைகொடுத்து வாங்கியிருக்க முடியாது. அங்கே ஆக்டிவேட்டர் என்னும் சிறு நிரல் ஓட்டப்படுகிறது. அதை ஓட்டுவதற்கு முன் ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள். காவல்காரனை வெளியே அனுப்பிவிட்டு யாரை உள்ளே விடுகிறோம் என்பதை வீட்டுக்காரர் கேட்க வேண்டும். பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலிருந்து பழைய கணினி வாங்கி வருவோரும், முந்தையவர் வைத்ததை அப்படியே புழங்காமல், வன்தட்டை முழுதாக அழித்துப் புதிதாக நிறுவ வேண்டும்.

புதுப்பிப்பை நிறுத்தக் கூடாது. செல்போன் டேட்டா தீர்ந்துவிடும் என்று நிறுத்துகிறார்கள். மாதத்தில் ஒருநாள் நல்ல இணைப்பு கிடைக்கும் இடத்துக்கு மடிக்கணினியை எடுத்துச் சென்றாவது அதை முடிக்கலாம். விண்டோஸ் 8 முதல் டிஃபென்டர் முழுமையான நச்சுநிரற்கொல்லியாக உள்ளேயே வருகிறது. 10, 11 பதிப்புகளில் அது வீட்டுக்குப் போதுமானது. விலை கொடுத்து இன்னொன்று வாங்கத் தேவையில்லை. இரண்டு கொல்லிகளை ஒன்றாக ஓட்டினால் ஒன்றையொன்று முட்டிக் கணினி நத்தையாகும்.

அன்றாடப் பயன்பாட்டுக்கு அட்மின் உரிமையில்லாத கணக்கு ஒன்றைத் தனியே உண்டாக்குவது பலர் அறியாத, செலவில்லாத காப்பு. பிள்ளைகள் எதைத் திறந்தாலும் அது இயங்குதளத்தின் அடிவேர் வரை போவது கடினமாகிறது. வால்பெயரைக் காட்டும்படி அமைப்பை மாற்றிவைப்பதும் அப்படியே.

குடும்பப் படங்கள், சான்றிதழ் நகல்கள், பட்டா நகல் ஆகியவற்றுக்கு இரண்டு படி வேண்டும். அவற்றில் ஒன்று கணினியிலிருந்து கழற்றி வைத்த வட்டில் இருக்க வேண்டும். செருகியே வைத்திருக்கும் வட்டையும் பிணைநிரல் சேர்த்துப் பூட்டிவிடும்.

தொற்றியது தெரிந்தால் முதல் வேலை இணையத்தைத் துண்டிப்பது. பிறகு டிஃபென்டரின் 'ஆஃப்லைன் ஸ்கேன்' ஓட்டலாம். விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே சோதிப்பதால் ஒளிந்திருப்பதும் சிக்கும். கடவுச்சொற்களை அந்தக் கணினியில் மாற்றாமல் வேறொரு நல்ல கணினியிலிருந்து மாற்ற வேண்டும். பார்மட் கடைசி மருந்து. கடைகளில் அதுவே முதல் மருந்தாகிவிட்டது.

பிரவுசிங் சென்டர் கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது கூடாது. 2011 ஏப்ரல் விதிகள் சைபர் கஃபே நடத்துவோர் வாடிக்கையாளரின் அடையாளச் சான்றைப் பார்க்கவும் பதிவேடு வைக்கவும் கட்டளையிடுகின்றன. அந்தப் பதிவேடு கீலாகரிலிருந்து யாரையும் காக்காது.

சட்டம்

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43-ஆம் பிரிவு, உரிமையாளர் அனுமதியின்றிக் கணினியில் நச்சுநிரல் புகுத்துவோர் இழப்பீடு தர வேண்டும் என்கிறது. அதையே நேர்மையற்ற நோக்கோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை தண்டம், அல்லது இரண்டும். 2004 முதல் இயங்கும் செர்ட்-இன் நாட்டின் கணினி நெருக்கடிகளைக் கவனிக்கும் அமைப்பு. 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலைய நிர்வாக வலையில் இணைந்திருந்த ஒரு கணினியில் தீநிரல் இருந்ததை அணுமின் கழகத்துக்குத் தெரிவித்தது இவ்வமைப்பே. செர்ட்-இன் 2017 பிப்ரவரியில் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரா, இந்திய நிறுவனங்களோடு சேர்ந்து துப்புரவுக் கருவிகளை இலவசமாகத் தருகிறது. அதன் 'யு.எஸ்.பி. பிரதிரோத்' பென்டிரைவ் நுழைவைக் கட்டுப்படுத்தும் கருவி. தருமபுரிக்கு வெகுகாலம் முன்பே கிடைத்திருக்க வேண்டியது.

இன்றைய நிலை

பென்டிரைவின் இடத்தை வாட்ஸ்அப் பிடித்துவிட்டது. கல்யாண அழைப்பு, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் செல்போனுக்கு வரும் ஏ.பி.கே. கோப்புகளே இப்போது பெரிய கேடு. பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும். மாவட்டத்தில் சைபர் கிரைம் காவல் நிலையமும் உண்டு.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. திட்டத்தின் முதல் ஆண்டுகளில் தந்த மடிக்கணினிகளின் வன்பொருள் விண்டோஸ் 11 கேட்கும் தகுதிகளுக்கு எட்டாது. அவற்றில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பவற்றுக்கு லினக்ஸே தக்க இயங்குதளம்.